"இங்கேயே செஞ்சது"ன்னா என்ன அர்த்தம்? நரிக்குடி பரோட்டாக் கடையில் ஒரு சாயங்காலம்

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் வந்த இழுவைகளையும் திரும்பத் திரும்பச் சொன்னதையும் குறைத்துத் தொகுத்திருக்கிறோம்.)

இன்னைக்கு எபிசோடு சாப்பாட்டைப் பத்தி. ஆனா "இந்தக் கடைக்குப் போங்க, இதை ஆர்டர் பண்ணுங்க"ங்கிற மாதிரி ரிவ்யூ கிடையாது. ஒரு போர்டுல இருந்த ரெண்டு வார்த்தைக்கு அர்த்தம் தேடிப் போன கதை.

சென்னையில நான் இருக்கிற தெரு முனையில ஒரு சின்ன சாண்ட்விச் கடை இருக்கு. நாலு டேபிள், ஒரு கிரில், சுவத்துல சாக்பீஸ்ல எழுதின மெனு. ஆபீஸ் முடிஞ்சு வர்ற வழியில வாரத்துக்கு ரெண்டு தடவையாவது அங்க உட்கார்ந்துடுவேன். அந்த போர்டுல மேல பெருசா "எல்லாம் இங்கேயே செஞ்சது"ன்னு எழுதியிருக்கும். ஒரு நாள் சும்மா கேட்டேன்: "தம்பி, இதுல எதெல்லாம் இங்க செய்றீங்க?" பையன் பொய் சொல்லல. பிரெட் பேக்கரியில இருந்து வருது, சீஸ் பாக்கெட், சாஸ் பாட்டில். புதினா சட்னி இங்க அரைக்கிறது. மயோனைஸ் முன்னாடி இங்க செஞ்சாங்க, இப்ப அதுவும் பாக்கெட்.

ஏன் பாக்கெட்டுக்குப் போனாங்கன்னா, 2025 ஏப்ரல் 8ல இருந்து ஒரு வருஷத்துக்கு, பச்சை முட்டையில செய்யற மயோனைஸைத் தயாரிக்கவோ விற்கவோ கூடாதுன்னு தமிழக அரசு தடை போட்டது. பச்சை முட்டையில சால்மோனெல்லா பாக்டீரியா இருக்க வாய்ப்பு உண்டு. மயோனைஸைச் சூடு பண்றதே இல்லை. ஒரு வாளி நிறைய செஞ்சு வச்சு, கரண்டி கரண்டியா எடுத்து, நம்ம ஊர் வெயில்ல ராத்திரி வரைக்கும் ஓட்டினா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க.

இங்கதான் எனக்கு ஒரு விஷயம் இடிச்சது. "கடையிலேயே செஞ்சது"ன்னு கேட்டதும் நாம உடனே நல்லதுன்னு நினைச்சுக்கிறோம். ஆனா அந்த மயோனைஸ் கடையிலேயே செஞ்சதாலதானே பிரச்சினை? அப்ப அந்த வார்த்தைக்கு உண்மையில என்ன மதிப்பு?

எனக்குத் தெரிஞ்சு அப்படி எந்த போர்டும் இல்லாம, எல்லாத்தையும் தானே செய்ற கடை ஒன்னு இருக்கு. எங்க ஊர் பரோட்டாக் கடை. தீபாவளி லீவுக்குப் போனப்போ, ஒரு நாள் மத்தியானம் ரெண்டு மணிக்கே போய், ராத்திரி கடை சாத்துற வரைக்கும் உட்கார்ந்து பார்த்தேன்.

எங்க ஊர்

நரிக்குடி எங்க இருக்குன்னு கேக்கிறவங்களுக்கு: விருதுநகர் மாவட்டம். மானாமதுரையில இருந்து விருதுநகர் போற ரயில் பாதையில நரிக்குடி, திருச்சுழி, அருப்புக்கோட்டைன்னு வரிசையா வரும். திருச்சுழி ரமண மகரிஷி பிறந்த ஊர். ரயில் ஜன்னல்ல பார்த்தா ரெண்டு பக்கமும் சீமைக் கருவேல மரமும், நடுநடுவுல கண்மாயும்தான் தெரியும். மழை பெஞ்சா கண்மாய்ல தண்ணி, இல்லைன்னா கிரிக்கெட் கிரவுண்டு. மானாவாரிக் காடு. குதிரைவாலி, பருத்தி, மிளகாய், மல்லி, உளுந்து, இதெல்லாம் விளையும்.

ஒன்னு கவனிச்சீங்களா? இந்த லிஸ்ட்டுல கோதுமை இல்லை. பரோட்டாவுக்குத் தேவையான மைதா எங்க மண்ணுல விளையறதே கிடையாது. 1942ல ஜப்பான் பர்மாவைப் பிடிச்சதும் அங்கிருந்து வந்துக்கிட்டிருந்த அரிசி நின்னு போச்சு. அரிசி சாப்பிட்ட ஊர்கள்ல ரேஷன்ல கோதுமை கொடுத்தாங்க. அப்புறம் 1954ல அமெரிக்கா கொண்டுவந்த பி.எல். 480 சட்டத்து மூலமா கப்பல் கப்பலா கோதுமை வந்தது. கோதுமையும் மைதாவும் அரிசி நாட்டுல சாதாரணமா கிடைக்கிற பொருளா மாறினது இப்படித்தான். விருதுநகர்ல எண்ணெய் பரோட்டாவுக்குப் பேர் போன கடைகள்ல ஒன்னுக்குப் பேரே பர்மா கடை.

அதனால "நம்ம பாரம்பரிய உணவு"ன்னு நான் இங்க உருகப் போறதில்லை. எங்க கடையில மைதா மில்லுல இருந்து வருது, பாமாயில் கப்பல்ல வருது. ஊர்ப் பொருள்னு பார்த்தா வெங்காயம், மிளகாய், அடுப்புல எரியுற சீமைக் கருவேல விறகு. அதுவே வெளிநாட்டுல இருந்து வந்த மரம்தான். அப்புறம் வேலை செய்ற கை.

ரெண்டரை மணி: மாவு

கடைக்காரரை நான் அண்ணேன்னு கூப்பிடுவேன். அவர் சம்சாரம் எனக்கு மதினி. பரோட்டா போடுறவர் மாஸ்டர். வயசு ஐம்பதைத் தாண்டிருச்சு. சாதாரண நாள்ல பத்து கிலோ மைதா. நான் போனது தீபாவளி வாரம். சென்னை, திருப்பூர், கோயம்புத்தூர்னு வெளிய போன பிள்ளைகள் எல்லாம் ஊருக்கு வந்திருக்கிற நேரம். அதனால பதினஞ்சு கிலோ.

மாவைக் கொட்டி, உப்பும் கொஞ்சம் சர்க்கரையும் போட்டு, நடுவுல குழி பறிச்சு தண்ணி ஊத்தி மாஸ்டர் பிசைய ஆரம்பிச்சார். கையால மட்டும் இல்லை, தோள்பட்டையோட மொத்தப் பாரத்தையும் வச்சு. அரை மணி நேரம் பேச்சே இல்லை.

இங்க கொஞ்சம் சயின்ஸ். மைதாவுல கிளையாடின், குளூட்டெனின்னு ரெண்டு புரதம் இருக்கு. தண்ணி பட்டுப் பிசையும்போது ரெண்டும் சேர்ந்து வலை மாதிரி பின்னிக்கும். அதுதான் குளூட்டன். குளூட்டெனின் ரப்பர் பேண்ட் மாதிரி, இழுத்தா திரும்பி வரும். கிளையாடின் இழுத்த இழுப்புக்கு வளைஞ்சு கொடுக்கும். பரோட்டாவுக்கு ரெண்டும் வேணும். கிழியாம நீளணும், நீண்டது திரும்பச் சுருங்கவும் கூடாது.

புதுசா பிசைஞ்ச மாவை இழுத்தா சுருங்கிடும். அதனால எண்ணெய் தடவி, ஈரத்துணி போட்டு மூடி வைக்கிறாங்க. நான் படிச்சது மெக்கானிக்கல், வேலை பார்க்கிறது சாஃப்ட்வேர். ரெண்டாவது வருஷத்துல ஸ்ட்ரெஸ் ரிலாக்சேஷன்னு ஒரு பாடம் வரும். ஒரு பொருளை இழுத்துப் பிடிச்சு அப்படியே வச்சிருந்தா, நேரம் போகப் போக அதுக்குள்ள இருக்கிற விறைப்பு குறையும். அன்னைக்குப் புரியாதது, அந்த ஈரத்துணியைப் பார்த்தப்போ புரிஞ்சது. மாஸ்டர் இதையே வேற மாதிரி சொன்னார்: "மாவுக்குக் கோவம் அடங்கணும் தம்பி. அதுக்கு முன்னாடி தொட்டா மல்லுக்கு நிக்கும்."

அந்த நேரத்தைச் சுருக்க வழியே இல்லை. இன்னொரு ஆளைப் போட்டாலும் மாவு சீக்கிரம் தளராது. அதே சமயம் ரொம்ப நேரம் விட்டாலும் ஆகாது. எங்க ஊர் சூட்டுல உருண்டை எண்ணெயில கிடந்துகிட்டே இருந்தா குழைஞ்சு, புளிச்ச வாடை வந்துடும். அப்ப மாவு பிசைஞ்ச நிமிஷத்துல இருந்தே ஒரு கடிகாரம் ஓட ஆரம்பிச்சிடுது. இந்த நேரத்துக்கு முன்னாடி போட முடியாது, அந்த நேரத்துக்குப் பின்னாடி வச்சிருக்க முடியாது. இந்தக் கடிகாரத்தை ஞாபகம் வச்சுக்கோங்க, திரும்ப வருவோம்.

நாலு மணி: சால்னா

பின்பக்கம் மதினி சால்னாவுக்கு வறுக்கிறாங்க. தேங்காய், சோம்பு, கசகசா, பட்டை, கிராம்பு, வத்தல். அரைச்சு, வெங்காயம் தக்காளி வதக்கி, காலையில கறிக்கடையில வாங்கின எலும்பைப் போட்டு, தண்ணி தாராளமா ஊத்திக் கொதிக்க விடுறாங்க. சால்னா தண்ணியாத்தான் இருக்கணும். கெட்டியா இருந்தா குருமா ஆயிடும், பரோட்டாவோட அடுக்குக்குள்ள இறங்காது.

கடையில சால்னாவுக்கு விலை கிடையாது. பரோட்டா 15 ரூபாய். சால்னா எத்தனை தடவை கேட்டாலும் ஊத்துவாங்க. நகரத்துல எக்ஸ்ட்ரா டிப் 30 ரூபாய்னு பில்லுல வர்ற காலத்துல இது விசித்திரமா தெரியும். ஆனா அண்ணன் கணக்கு வேற. "பரோட்டா எல்லாக் கடையிலயும் பரோட்டாதான். ஆளு திரும்ப வர்றது சால்னாவுக்கு." கடையோட கைமணம் முழுக்க அதுலதான் இருக்கு. அதுக்கான காசு அந்த 15 ரூபாய்க்குள்ள ஒளிஞ்சிருக்கு.

சால்னாவுக்கும் கடிகாரம் உண்டு. தேங்காய் அரைச்ச குழம்பு சீக்கிரம் கெட்டுப்போகும். 60 டிகிரிக்கு மேல சூட்டிலேயே வச்சிருந்தா பாக்டீரியா பெருகாது. அதனால அண்டா அடுப்பை விட்டு இறங்குறதே இல்லை, ராத்திரி வரைக்கும் லேசா கொதிச்சுக்கிட்டே இருக்கும். மிஞ்சினது மறுநாளைக்குப் போகாது. மயோனைஸ்ல இருந்த சிக்கல் இங்க இல்லாததுக்குக் காரணம் இதுதான். ரெண்டுமே கடையில செஞ்சதுதான். ஒன்னு கடைசி வரைக்கும் கொதிச்சு, அன்னைக்கே தீர்ந்து போகுது. இன்னொன்னு சூடே படாம வாளியில காத்துக்கிட்டு இருந்தது.

ஆறு மணி: கல்லு

இப்பதான் நமக்குத் தெரிஞ்ச காட்சி. மாஸ்டர் உருண்டையை எடுத்து, எண்ணெய்க் கையால தட்டி, ஓரத்தைப் பிடிச்சு பலகையில வீசுறார். ரெண்டு வீச்சு, மூணு வீச்சு. கண்ணாடி மாதிரி விரியுது. நான் போன்ல கணக்குப் போட்டேன். ஒரு உருண்டை சுமார் 70 கிராம். அதை ரெண்டடிக்கு ரெண்டடி விரிச்சா கனம் ஏறக்குறைய 0.16 மில்லிமீட்டர். ஏ4 தாள் 0.1 மில்லிமீட்டர். அதாவது ஒன்றரைத் தாள் கனத்துக்கு, கிழியாம, கண் இமைக்கிற நேரத்துல விரிக்கிறார்.

அதைக் கொசுவம் மாதிரி மடிச்சு நீளமாக்கி, சுருட்டி வைக்கிறார். சேலைக் கொசுவம் பார்த்திருப்பீங்களே, அதே மடிப்பு. ஒவ்வொரு மடிப்புக்கு நடுவுலயும் எண்ணெய்ப் படலம் இருக்கு, உள்ள காத்து மாட்டியிருக்கு. சுருட்டினதும் திரும்ப கொஞ்ச நேரம் ஓய்வு. அப்புறம் உள்ளங்கையால தட்டிக் கல்லுல போடுறார். சூடு ஏறினதும் மாவுல இருக்கிற தண்ணி ஆவியாகி, எண்ணெய் தடவின இடமெல்லாம் பிரிச்சு விட்டுக்கிட்டு வெளிய வருது. அதுதான் அடுக்கு. வெந்ததும் நாலஞ்சை அடுக்கி வச்சு ரெண்டு பக்கமும் ‘சட் சட்’னு அடிக்கிறது ஸ்டைலுக்கு இல்லை. ஆவி பிரிச்சு விட்ட அடுக்கு, ஆறும்போது திரும்ப ஒட்டிக்காம இருக்க.

சாதா பரோட்டா தட்டைக் கல்லுல வேகும். எங்க பக்கத்து எண்ணெய் பரோட்டாவுக்கு வேற கல்லு. நடுவுல குழிவா இருக்கும், அதுல எண்ணெய் நிக்கும். பரோட்டா பாதி மூழ்கிப் பொரியும். வெளிய மொறுமொறு, உள்ள மெத்து. இலையில போட்டு, பிச்சு, சால்னா ஊத்தி, ஒரு நிமிஷம் பொறுத்துச் சாப்பிடணும். மொறுமொறுப்பு பாதி ஊறி, பாதி மிச்சம் இருக்கிற அந்த ஒரு நிமிஷம்தான் விஷயமே.

எண்ணெயைப் பத்தி ஒன்னு சொல்லிடறேன். திரும்பத் திரும்பச் சூடாக்கின எண்ணெயில போலார் சேர்மங்கள் கூடிக்கிட்டே போகும். அது 25 சதவீதத்தைத் தாண்டினா அந்த எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாதுன்னு இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தோட விதி 2018 ஜூலை 1ல இருந்து இருக்கு. நம்மகிட்ட மீட்டர் இல்லை. ஆனா எண்ணெய் கறுத்து, பிசுபிசுன்னு ஆகி, நுரை அடங்காம, சீக்கிரமே புகைய ஆரம்பிச்சா அது பழைய எண்ணெய்னு கண்ணே சொல்லிடும். கல்லு வாசல்லயே இருக்கிற கடையில இதை நாம பார்க்க முடியும். அடுப்பு உள்ளே இருந்தா முடியாது. அதுக்காக எண்ணெய் பரோட்டா உடம்புக்கு நல்லதுன்னு நான் சொல்ல வரலை. மைதா, எண்ணெய், நார்ச்சத்து ரொம்பக் குறைவு. தினமும் சாப்பிடற சாப்பாடு இல்லை.

பதினஞ்சு கிலோன்னு எப்படித் தெரியும்?

கூட்டம் கொஞ்சம் குறைஞ்சப்போ அண்ணன்கிட்ட நான் கேட்க நினைச்ச கேள்வியைக் கேட்டேன். "அண்ணே, இன்னைக்குப் பதினஞ்சு கிலோன்னு மத்தியானமே எப்படி முடிவு பண்ணீங்க?"

எங்க ஆபீஸ்ல இதுக்கு டிமாண்ட் ஃபோர்காஸ்டிங்னு பேர், தனி டீமே உட்கார்ந்திருக்கும். அண்ணன் விரலை மடக்கிச் சொன்னார். முகூர்த்த நாள்னா கல்யாண வீட்டுச் சாப்பாடு, கடையில கூட்டம் குறையும். நூறு நாள் வேலைச் சம்பளம் ஏறின வாரம்னா கூடும். கார்த்திகை பிறந்து மாலை போட ஆரம்பிச்சா பாதி ஆள் வராது. மறுநாள் பள்ளிக்கூடம் லீவுன்னா பிள்ளைகளுக்குப் பார்சல் வாங்குவாங்க. பெரிய சாவு விழுந்தா அன்னைக்குக் கடையைத் திறக்கிறதா வேண்டாமான்னே யோசிக்கணும்.

"இதை ஒரு ஆப்ல போட்டுடலாம்ணே, காலையிலேயே ஆர்டர் வாங்கிடலாம்"னு ஆரம்பிச்சேன். சிரிச்சார். "நம்ம ஊர்ல எவன் காலையில முடிவு பண்றான்? பஸ்ஸ விட்டு இறங்குவான், வாசம் அடிக்கும், ரெண்டு பார்சல் கட்டுங்கம்பான்."

பதினஞ்சு கிலோ மைதா, எட்டு லிட்டருக்கு மேல தண்ணி, எண்ணெய் எல்லாம் சேர்ந்து 24 கிலோ மாவு. 70 கிராமா உருட்டினா சுமார் 340 பரோட்டா. எல்லாம் ராத்திரி பத்தரைக்குள்ள தீரணும். கொஞ்சம் தப்பினா தாங்கிக்க ஒரு ஏற்பாடும் இருக்கு: கொத்து பரோட்டா. ஆறிப்போனது, ஓரம் உடைஞ்சது எல்லாத்தையும் முட்டை, வெங்காயம், சால்னாவோட கல்லுல போட்டுக் கொத்தினா தனிச் சாப்பாடு. ப்ரோக்ராமர் பாஷையில சொன்னா எக்ஸப்ஷன் ஹேண்ட்லிங். இலங்கையில இதே சாப்பாடு கொத்து ரொட்டிங்கிற பேர்ல தேசிய அடையாளமாவே ஆயிடுச்சு. ஆனா கொத்துக்கும் ஆள் வரணுமே.

ஃப்ரீஸர்

அப்பதான் அண்ணன் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்துல இருந்த ஒரு விசிட்டிங் கார்டைக் காட்டினார். பாதி வேக வச்ச பரோட்டா சப்ளை பண்றவங்க. ஃப்ரீஸர்ல வச்சா மாசக்கணக்குல இருக்கும். வேணுங்கிற அளவு எடுத்து, கல்லுல போட்டு, ரெண்டு பக்கம் திருப்பினா போதும். மாவு பிசைய வேண்டாம், மாஸ்டர் வேண்டாம்.

இந்தப் பாக்கெட் பரோட்டாவுக்கு ஒரு வரிக் கதை இருக்கு. 2020 ஜூன்ல கர்நாடகாவுல ஜிஎஸ்டி முன்தீர்ப்பு ஆணையம், ரொட்டிக்கு 5 சதவீதம், பாக்கெட் பரோட்டாவுக்கு 18 சதவீதம்னு சொன்னது. காரணம், ரொட்டி அப்படியே சாப்பிடலாம், இந்தப் பரோட்டாவைத் திரும்பச் சூடு பண்ணித்தான் சாப்பிட முடியும். இன்டர்நெட்ல பெரிய கலாட்டாவே நடந்தது, ஞாபகம் இருக்கலாம். கடைசியில 2025 செப்டம்பர் 22ல இருந்து பரோட்டா, சப்பாத்தி எல்லாத்துக்கும் வரி பூஜ்யம். அன்னைக்கு நான் மீம் போட்டேன். பாக்கெட் பரோட்டாவுக்கு வரி போனா, அந்தச் செய்தி எங்க ஊர்க் கல்லாப்பெட்டி வரைக்கும் விசிட்டிங் கார்டா வந்து சேரும்னு அப்ப யோசிக்கல.

"மாஸ்டருக்குத் தோள்பட்டை வலி"ன்னார் அண்ணன், குரலைத் தாழ்த்தி. "இன்னும் எத்தனை நாளைக்குன்னு தெரியல. புதுப் பையன் எவனும் வர மாட்டேங்கிறான். கத்துக்கிட்டவன் அங்கிட்டு கேரளா, திருப்பூர்னு போயிடுறான்." மதுரையில பரோட்டா போடக் கத்துக் கொடுக்கிற பயிற்சி மையமே நடக்குது. கத்துக்கிறவங்களுக்குப் பெரிய ஊர்லயும் வெளிநாட்டுலயும் வேலை காத்திருக்கு. நரிக்குடிக்கு ஏன் வரணும்?

அப்புறம் என்னைப் பார்த்துக் கேட்டார்: "நீ சொல்லு தம்பி. சால்னா ஊத்திக் கொடுத்தா உனக்கு வித்தியாசம் தெரியுமா?"

நான் யோசிச்சேன். தெரியும்னு சொல்லத்தான் ஆசை. ஆனா உண்மையைச் சொல்லணும்ல. பசியோட ராத்திரி ஒன்பது மணிக்கு, எண்ணெயில பொரிச்சு, மதினி சால்னாவை ஊத்திக் கொடுத்தா, முதல் ரெண்டு பரோட்டாவுக்கு எனக்குத் தெரியாமக்கூடப் போகலாம். "தெரியலாம்ணே, தெரியாமலும் போகலாம்"னேன். அண்ணன் தலையாட்டினார்.

மழை

எட்டேகாலுக்கு இருட்டிக்கிட்டு வந்தது. முதல்ல காத்து, அப்புறம் ஒரே அடியா மழை. தெரு விளக்கு போச்சு. கடைசி பஸ்ஸுல வந்தவங்க முக்காட்டைப் போட்டுக்கிட்டு வீட்டைப் பார்த்து ஓடினாங்க. கடையில நான், ரெண்டு பெரியவங்க, ஒரு லாரி டிரைவர். தாம்பாளத்துல ஈரத்துணிக்கு அடியில அறுபதுக்கு மேல உருண்டை.

அறுபது உருண்டைன்னா 900 ரூபாய். நான் மனசுக்குள்ள பெருக்கிப் பார்த்துட்டு அண்ணன் முகத்தைப் பார்த்தேன். அவர் வாசல்ல நின்னு மழையைப் பார்த்துக்கிட்டு இருந்தார். பெரியவர் ஒருத்தர், "இப்படி ரெண்டு நாள் அடிச்சா கம்மாய் பெருகிடும்"னார். "ஆமாய்யா, பெய்யட்டும்"னு அண்ணனும் சொன்னார்.

எனக்குத்தான் மனசு கேக்கலை. "ஒரு மணி நேரம் கழிச்சுப் பெஞ்சிருக்கலாம்ணே"ன்னேன்.

"மழைய வையக் கூடாது தம்பி"ன்னார்.

மானாவாரிக் காட்டுல அந்த வார்த்தைக்கு எதிர்ப்பேச்சு கிடையாது. அந்த மழைதான் மல்லியும் உளுந்தும் ஆகி, தை மாசம் காசாகி, அதுல ஒரு பங்கு இதே கடைக்குப் பரோட்டா சாப்பிட வரும். ஆனா அன்னைக்கு ராத்திரி 900 ரூபாய் அவரோடது. ஃப்ரீஸர்ல இருந்திருந்தா அந்த அறுபதும் நாளைக்கும் இருந்திருக்கும்.

அப்ப எனக்கு அந்த சாண்ட்விச் போர்டுக்கு அர்த்தம் புரிஞ்சது. ஒரு பொருளைக் கடையிலேயே செய்றதுன்னா, விக்காமப் போனா நஷ்டம் நம்மளோடதுன்னு மத்தியானமே ஒத்துக்கிட்டு மாவைக் கொட்டுறது. சாப்பாடு புதுசா இருக்கிறதுக்கும் அதுதான் காரணம். வச்சிருக்க வழியில்லாததால அன்னைக்கே தீர்க்கிறாங்க, அன்னைக்கே தீர்க்கிறதால நமக்குச் சுடச்சுட, கெடாமக் கிடைக்குது. சுவையும் ஆபத்தும் ஒரே கடிகாரத்துல இருந்து வருது. மயோனைஸ் கதையில அந்தக் கடிகாரத்தை யாரும் பார்க்கல, அவ்வளவுதான்.

மாஸ்டர் யாரும் சொல்லாமலே மிச்ச உருண்டையை எல்லாம் வீச ஆரம்பிச்சார். பாதியைப் போட்டு எடுத்து, பத்து முட்டையை உடைச்சு கொத்து போட்டார். மழை நின்னதும் அண்ணன் பையன் சைக்கிள்ல தெருத்தெருவா ஒரு சுத்து சுத்தி, "கொத்து சூடா இருக்கு"ன்னு சொல்லிட்டு வந்தான். பத்தரைக்குள்ள பதினெட்டு பார்சல் போச்சு. எங்க வீட்டுக்கு நாலு. எங்கம்மா தூக்குவாளியைக் கொடுத்து விட்டிருந்தாங்க, சால்னாவுக்கு. மிச்சம் இருந்த பரோட்டாவை மாஸ்டரும் கடைப் பையன்களும் வீட்டுக்குக் கொண்டு போனாங்க.

நாம என்ன பண்ணலாம்?

மாஸ்டர் தோள்பட்டையை நான் சரி பண்ண முடியாது. என் சின்ன வயசு ஞாபகத்தைக் காப்பாத்துறதுக்காக ஐம்பது வயசுக்காரர் தினமும் பத்து கிலோ மாவு பிசையணும்னு கேக்கிறதும் நியாயம் இல்லை. நாளைக்கு அண்ணன் அந்த நம்பருக்குப் போன் பண்ணினா, அதுல தப்பு எதுவும் இல்லை. மாவு பிசையற மெஷின் வாங்கினா தோள்பட்டைக்குப் பாதி வேலை மிச்சம்னு நானும் அவரும் பேசியிருக்கோம். பிசையறதை மெஷின் செய்யும், விரிக்கிறதுக்கு அவர் கை வேணும். தை பிறக்கட்டும், பார்க்கலாம்னு சொல்லியிருக்கார்.

ஆனா வாடிக்கையாளரா நாம செய்யக்கூடியது கொஞ்சம் இருக்கு. உங்க தெருவுல உண்மையாவே தானே செய்ற கடை ஒன்னு இருந்தா, பரோட்டாவோ இட்லியோ சாண்ட்விச்சோ, பெரிய ஆர்டரை மத்தியானமே சொல்லிடுங்க. அவங்க மாவு கொட்டறதுக்கு முன்னாடி வர்ற ஒரு போன், ராத்திரி வர்ற பத்து போனுக்குச் சமம். "தீர்ந்து போச்சு"ன்னு சொன்னா கோவிச்சுக்காதீங்க. தீர்ந்து போற கடைதான் நல்ல கடை. ரெண்டு ரூபாய் ஏத்தினா முகத்தைச் சுளிக்காதீங்க. சால்னாவுக்குப் பாத்திரம் கொண்டு போங்க, சூடான குழம்பை பிளாஸ்டிக் கவர்ல கட்ட வேண்டியிருக்காது. முக்கியமா, மழை பெஞ்ச ராத்திரி ஒரு எட்டு போய்ப் பாருங்க.

நான் சென்னைக்குத் திரும்பி வந்ததும் அந்த சாண்ட்விச் கடைக்குப் போனேன். அந்தப் பையன்கிட்ட, "புதினா சட்னி எத்தனை மணிக்கு அரைக்கிறீங்க?"ன்னு கேட்டேன். "நாலு மணிக்குண்ணே. ராத்திரி மிஞ்சினா கொட்டிடுவோம்"னான். சட்னி சாண்ட்விச்சே ஆர்டர் பண்ணினேன். நல்லா இருந்தது.

உங்க ஊர்க் கடையில எத்தனை மணிக்கு மாவு பிசையறாங்கன்னு கேட்டு, வாய்ஸ் நோட்டா அனுப்புங்க. அடுத்த எபிசோடுல சேர்த்துப் போடலாம்.